கூரையில்லாத காரின் சத்தம்

அந்தச் சிவப்பு எனக்கு ஒரு மத்தாப்புப் பெட்டியிலிருந்து பழக்கமானது. சிவகாசியில் நான் வேலை பார்த்த ஆப்செட் அச்சகத்தில், தீபாவளி சீசன் தொடங்குவதற்கு முன்னால் வருஷா வருஷம் ஒரு கம்பி மத்தாப்பு லேபிள் ஓடும். கூரையில்லாத சிவப்புக் கார், அதை ஓட்டும் ஒரு பெண், ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் எரியும் மத்தாப்பு, முகம் நிறையச் சிரிப்பு. வண்டி ஓட்டும்போது மத்தாப்புக் கொளுத்தும் இவளைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று மெஷின் பக்கத்தில் நின்று பேசிக்கொள்வோம். அந்தச் சிவப்பைச் சரியாகக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு மை கூடினால் ரத்தம், இன்னொரு மை கூடினால் ஆரஞ்சு மிட்டாய். தாள் தாளாக அந்தக் கார் என் கண் முன்னால் ஓடி ஓடி, கடைசியில் அப்படி ஒன்று எனக்கும் வேண்டும் என்று தோன்றிவிட்டது. இதைவிட ஆழமான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன், அகப்படவில்லை. அச்சகத்து வேனை அவ்வப்போது ஓட்டுவேன். அதன் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தது கிடையாது.

கார் கிடைத்தது விருதுநகரில். ஒரு எண்ணெய் மில்லின் காலண்டருக்கு மாதிரித் தாள் காட்டப் போயிருந்தேன். முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் குடோன் பக்கம் எட்டிப் பார்த்தேன். புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு காரின் மூக்கு தெரிந்தது. இரண்டே கதவுகள். மதராஸில் செய்தது, செய்த கம்பெனியையே எப்போதோ மூடிவிட்டார்கள். மேற்கூரை துணியால் ஆனது. துணி இற்றுப்போய், மடக்கும் கம்பிச் சட்டம் மட்டும் துணி கழன்ற குடை மாதிரி நின்றது. ஒரு காலத்தில் விருதுநகர் மாப்பிள்ளைகள் அழைப்புக்கு இதில்தான் போனார்களாம். பிறகு அலங்கார ஜீப்பும் குதிரைச் சாரட்டும் வந்து இதை ஓரங்கட்டிவிட்டன. பின்சீட்டின் இடுக்கில் மாலை கட்டிய நூல் இன்னும் கிடந்தது. சீட்டின் நடுவில் ஒரு கோழி அடைகாத்தது.

"பிடிச்சிருக்கா? எடுத்துட்டுப் போங்க. அந்த எடத்துல ரெண்டு லோடு அடுக்கலாம்" என்றார் முதலாளி, கையைக் கழுவிக்கொண்டே. பழைய இரும்பு விலைக்கே கொடுத்தார். கோழியை மட்டும் இறக்கிக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அச்சகத்துக்குக் காகிதம் ஏற்றிவரும் லோடு வண்டியின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தோம். ஸ்டீயரிங்கில் நான். பிரேக் கிடையாது. முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் அவர் வண்டியில் போய் இடித்து நின்றேன். ஆமத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை எங்கன எறங்கிட்டாரு?" என்று கேட்டார். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பெண் அமையவில்லை. அதே கேள்வியை எங்கள் ஊரிலும் எல்லாரும் கேட்டார்கள், ஏதோ அவரவர் சொந்தமாகக் கண்டுபிடித்த வேடிக்கை மாதிரி.

எங்கள் ஊர் சிவகாசியை ஒட்டி, நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம். ஒரே முற்றத்தில் இரண்டு வீடு. ஒன்றில் நான். மற்றதில் என் அக்காவும் அவள் மகளும். காரை முற்றத்துத் தகரக் கொட்டகையில் தள்ளினோம். அக்கா வாசல்படியில் உட்கார்ந்து வெடிப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் வேலை. அட்டையை மடிப்பதும் பசை தடவுவதும் அடுக்குவதுமாக நாள் முழுக்கக் கை ஓடும். ஒரு தடவை நிமிர்ந்து காரைப் பார்த்தாள்.

"இதுக்கு மேல மூடி கெடையாதாலே?"

"உண்டு. தைக்கணும்."

"வேண்டாம். இப்படியே இருக்கட்டும். உக்காந்த எடத்துலருந்து நாலு பக்கமும் வானம் தெரியுதுல்ல" என்றாள்.

வெளியூர்க்காரர் கேட்டால் ரசனையாகச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். அக்காவுக்கு ரசனை கிடையாது. வானத்தை அவள் பார்ப்பது புகைக்காக.

எங்கள் பக்கத்தில் பெரிதாக ஒரு சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். புகை எந்தத் திசை, வெள்ளையா கறுப்பா என்பதை வைத்து எந்தப் பட்டாசுக் கம்பெனி என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கம்பெனிக்கு எந்த வீட்டிலிருந்து யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். அந்தந்த வீட்டுப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவார்கள். சாயங்காலங்களில் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். அதற்கு யாரும் அசைவதில்லை. என் அத்தான் போன அன்றும் கேட்டது சாயங்காலச் சத்தம். அக்கா அதைச் சாம்பிள் என்று நினைத்து உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரோ வந்து சொல்லி, அவள் போய்ச் சேர்வதற்குள் அத்தானை மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மதுரைக்கு அவர் உயிரோடு போய்ச் சேரவில்லை.

அதிலிருந்து அவள் எல்லாச் சத்தத்துக்கும் ஓடினாள். சாம்பிளுக்கு ஓடினாள். கல்குவாரி வெடிக்கு ஓடினாள். ஒரு முறை லாரி டயருக்கு ஓடினாள். மகள் பத்தாவது முடித்துவிட்டு, வயக்காட்டுக்கு அப்புறம் இருக்கும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஓட்டம் அந்தத் திசைக்கே நிலையாகிவிட்டது. செருப்புப் போட்டுக்கொள்ளவும் நிற்க மாட்டாள். பாதை நெடுக வேலிக்கருவை முள். சாயங்காலம் மகள் வந்து ஊக்கால் அம்மாவின் காலில் முள் எடுப்பது அந்த வீட்டில் அன்றாட வேலை.

மகளுக்கு இது பெரிய மானக்கேடு. கார் வந்த சில நாளில் என்னிடம் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மாமா, நேத்தும் வந்துட்டா. வெறும் சாம்பிளுக்கு. கேட்டுக்கு வெளிய நின்னு எம்பேரச் சொல்லிக் கத்துறா. வாட்ச்மேன்லருந்து எல்லாரும் சிரிக்காக. போர்மேன் கூப்பிட்டு, இன்னொருக்க ஒங்க அம்மா வந்தா நீயும் அவுக கூடவே வீட்டுக்குப் போயிருன்னு சொல்லிட்டாரு. எப்படியாச்சும் நிப்பாட்டுங்க மாமா."

நான் பார்க்கிறேன் என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் பேசிப் பார்த்தேன். பெட்டியை ஒட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். மறுநாள் சாம்பிள் சத்தம் கேட்டதும் ஓடிவிட்டாள்.

காருக்கு வருகிறேன். தெரியாதவன் செய்யும் முதல் வேலை கழற்றுவது. கழற்றுவதில் ஒரு வெறி இருக்கிறது. எதைத் திருகினாலும் ஏதாவது கையோடு வரும். எது எங்கே இருந்தது என்று குறித்துவைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அக்கா ஒட்டிய காலிப் பெட்டிகளை வாங்கி அதில் திருகாணிகளைப் போட்டேன். பிஜிலிப் பெட்டியில் கதவு, புஸ்வாணப் பெட்டியில் பிரேக், தரைச்சக்கரப் பெட்டியில் எதில் சேரும் என்று தெரியாதவை. மாதம் போகப் போகச் சக்கரப் பெட்டிகள்தான் பெருகின. இந்தக் காரின் முன்மூடி மூக்கோடு சேர்ந்து முழுசாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். அந்த ஒரு வசதிக்காக அதைச் செய்தவர்களை இன்றைக்கும் கும்பிடுவேன்.

அடித்தளத் தகடு துருப்பிடித்து, சீட்டில் உட்கார்ந்தால் காலுக்கடியில் தரை தெரிந்தது. வெல்டிங் வைக்க ஆள் கூட்டிவந்தேன். அவர் சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு, அக்கம்பக்கத்து வீடுகளை ஒரு நோட்டம் விட்டுவிட்டு, "இங்கன பத்தவைக்க மாட்டேன்" என்றார். யார் வீட்டுக் கட்டிலுக்கடியில் என்ன இருக்கும் என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை. ஆறேழு பேர் சேர்ந்து காரைக் கண்மாய்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வேலை முடிந்து திரும்பத் தள்ளிவந்தபோது, "மாப்பிள்ளை ஊர்வலம் போகுது, வழிவிடுங்கலே" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார். எனக்குக் கோபம் வந்தது. தள்ளுகிற ஆட்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று பேசாமல் இருந்தேன்.

பெயிண்டை லேபிளை வைத்துத்தான் கலந்தேன். கடைக்காரர் கொடுத்த சிவப்பு எனக்கு ஒத்துவரவில்லை. கதவின் மேல் லேபிளை ஒட்டிவைத்து, வெயிலில் நின்று பார்த்து, மஞ்சள் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அந்தச் சிவப்பையே கொண்டுவந்தேன். இந்த ஒரு வேலையில் நான் கற்றுக்குட்டி இல்லை. கூரைத் துணிக்குத் தார்ப்பாய் வாங்கித் தைத்ததில் மட்டும், சட்டத்தை விரித்தால் மடக்க முடியவில்லை, மடக்கினால் விரல் அகப்பட்டது. அக்கா சொன்ன மாதிரி இப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். மழை பெய்தால் வெடி காயாது என்று மழையைத் திட்டுகிற ஊரில் காருக்குக் கூரை எதற்கு?

மிஞ்சியது எஞ்சின். நாலு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் ஒரு பிளக், ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு வயர். நாலு வயரும் ஒரு கறுப்பு மூடியில் போய்ச் சேரும். மூடிக்குள் சுற்றும் ஒரு சின்னக் கை, முறை வைத்து ஒவ்வொரு வயருக்கும் நெருப்பைக் கொடுக்கும். வயர்களையும் நான் கழற்றியிருந்தேன். திரும்ப மாட்டும்போது யோசிக்கவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மாட்டினேன். சரவெடியில் முதல் வெடி, அடுத்து இரண்டாவது, அடுத்து மூன்றாவது. நெருப்பு வரிசையாகத்தான் போகும் என்பதை எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போதெல்லாம் கரண்ட் தட்டுப்பாடு. அச்சகங்களில் வாரத்தில் ஒரு நாள் மெஷின் ஓடாது. அப்படி ஒரு லீவு நாளில் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இரண்டு முறை முனகியது. பிறகு வெடித்தது. அதற்கு வேறு வார்த்தை கிடையாது. தகரக் கொட்டகை அதிர்ந்து, மேலே இருந்த காக்கைகள் கிளம்பின. புகைக்குழாய் நுனியில் ஒரு நாக்கு நெருப்பு வந்து போனது.

நான் சீட்டிலிருந்து இறங்குவதற்குள் தெரு முழுக்க வாசலில் நின்றது. எல்லாரும் மேற்கே பார்த்தார்கள், கிழக்கே பார்த்தார்கள், புகையைக் காணவில்லை. அக்காவின் படியில் பசைக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. ஆளில்லை.

மொபெட்டை எடுத்துக்கொண்டு துரத்தினேன். வயக்காட்டுக்குள் குறுக்கே விழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். "அக்கா, கார்தான்! கார்தான்!" என்று பாதையிலிருந்து கத்தினேன். காதில் விழவில்லை. ஐம்பதை நெருங்குகிற பெண் அவ்வளவு வேகமாக ஓடுவதை நான் முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நான் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவள் கேட்டில் நின்று மகள் பேரைச் சொல்லிக் கத்தியாகிவிட்டது. மகள் வெளியே வந்தாள். அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். போர்மேனிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டு, கார் என்றும் எஞ்சின் என்றும் விளக்கி, அன்றைக்கு அவள் வேலை தப்பியது.

திரும்பும்போது அக்கா மொபெட்டில் ஏறவில்லை. "ஒனக்கு வெளையாட வெடிமருந்துக் கம்பெனிச் சத்தம்தான் கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

வீம்பு பிடித்தவனாக இல்லாமல் இருந்தால் அன்றைக்கே ஒரு மெக்கானிக்கிடம் கேட்டிருப்பேன். இவ்வளவும் தனியாகச் செய்துவிட்டு கடைசியில் இன்னொருவன் வந்து சாவியைத் திருப்புவதா என்று இருந்தது. கார்பரேட்டரைச் சந்தேகப்பட்டேன். பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன். பிளக்குகளைத் தேய்த்தேன், காயிலை மாற்றினேன். வயர் வரிசையை மட்டும் சந்தேகப்படவே இல்லை. ஒவ்வொரு முறை எதையாவது மாற்றிவிட்டுச் சாவியைத் திருப்புவேன். அது முனகும், வெடிக்கும்.

முதல் வாரம் தெரு என்னைத் திட்டியது. வீட்டுக்கு வந்தே திட்டினார்கள். இரண்டாவது வாரம் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அதற்கடுத்து வெளியே வருவதும் நின்றது. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டால், "கார்தான்" என்று ஒருத்தி சொல்வாள், குடம் நிறைந்துகொண்டிருக்கும். நான் அச்சகத்தில் இருக்கும்போது கம்பெனியில் சாம்பிள் வெடித்தாலும் கார்தான் என்றார்களாம். நான் எங்கே இருக்கிறேன் என்பதை யாரும் சரிபார்க்கவில்லை.

அக்காவும் ஓடவில்லை. இதை நான் நேரில் பார்த்தேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்து முற்றத்தில், கொட்டகை ஓரமாக முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மேற்கே சாம்பிள் கேட்டது. அவள் கை ஒரு நொடி நின்றது. "நம்ம காரா?" என்றாள், தலை நிமிராமல். நான் காரில் இல்லை, கொட்டகை ஓரத்தில் நிற்கிறேன் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவளே, "கார்தான்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த அட்டையை மடித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேசிப் பேசித் தீராத ஒன்றை ஒரு பழுதான கார் தீர்த்துவிட்டதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வாரச் சம்பளத்தில் அக்கா மகள் எனக்குச் சாத்தூர் சேவு வாங்கிவந்தாள்.

"அம்மா வரவே இல்ல மாமா, இப்பல்லாம். வாட்ச்மேன்கூடக் கேக்கான், ஒங்க அம்மைக்கு ஒடம்பு சொகமில்லையான்னு." சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தக் காரச் சட்டுன்னு சரி பண்ணிராதீக" என்றாள்.

சேவைத் தின்றுகொண்டே சரி என்றேன். அதை நான் காப்பாற்றுவதாக இல்லை. யாருக்காகவும் ஒரு எஞ்சினைக் கெட்டுப்போனபடியே விட்டுவைக்க என்னால் முடியாது.

வரிசை தெரியவந்தது தற்செயலாக. மறுபடி ஒரு லீவு நாள். நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். தூசி விழாமல் இருக்க ஓட்டைகளில் காகிதத்தை உருட்டி அடைத்திருந்தேன், வெடிக்குழாய் வாயை அடைக்கிற மாதிரியே. இடையில் வேறு எதையோ பார்ப்பதற்காக முன்னால் கைப்பிடியைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றினேன். முதல் ஓட்டையிலிருந்து காகித உருண்டை பொட்டென்று தெறித்தது. இன்னும் கொஞ்சம் சுற்றினேன். இரண்டாவது தெறிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தெறித்தது. அடுத்து நாலாவது. கடைசியாகத்தான் இரண்டாவது.

மறுபடி அடைத்து மறுபடி சுற்றினேன். ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. எத்தனை தடவை செய்தாலும் அதே. உள்ளே காற்று எந்த வரிசையில் அழுத்தப்படுகிறதோ அந்த வரிசையில்தானே நெருப்பும் போக வேண்டும். எஞ்சின் சரவெடி இல்லை. இத்தனை நாளும் அது பாவம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. தனியாகவே சிரித்தேன். பிளக்குகளைத் திருகி, வயர்களை மாற்றி மாட்டி, முன்மூடியைச் சாத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அப்போது வெடித்தது.

எனக்கே ஒரு நொடி காராகத்தான் தோன்றியது. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. குழாயடியில் பேச்சு நிற்கவில்லை. எதிர்வீட்டு ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. அக்கா படியில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குள் இருந்த என்னைப் பார்த்து, கோபமில்லாமல், கேலியாக, "ஏலே, இன்னமுமா சரியாகல?" என்றாள்.

கொட்டகையின் திறந்த பக்கம் மேற்கு. கூரையில்லாத காரில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். வயக்காட்டுக்கு அப்புறம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அடியில் வெள்ளை, மேலே கறுப்பு. அது சத்தம் வந்த திசை. அந்தத் தெருவில் அது கார் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லாமல் இருக்க முடியாதா என்று ஒரு கணம் தோன்றியது. பயமாக இருந்தது.

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினேன்.

"அக்கா, நான் இன்னும் சாவியே போடல."

அவள் சாவியைப் பார்த்தாள். எழுந்தாள். பசைக் குச்சியைக் கையில் பிடித்தபடியே ஓடிவிட்டாள்.

சாவியைப் போட்டுத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. முனகல் இல்லை, வெடியில்லை. இதே நிமிஷத்துக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன். அப்போது என் மனதில் அது ஒட்டவே இல்லை. தெருவில் இறங்கி ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "கார் இல்ல! கார் இல்ல!" என்று கத்திக்கொண்டே போனேன். பளபளவென்று சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு ஒருவன் கார் இல்லை என்று கத்துகிறான். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, "அடேயப்பா, ஓடிருச்சே!" என்று கை தட்டினாள். பிறகு ஒருவர் மேற்கே பார்த்தார். எனக்குப் பின்னால் குடங்கள் விழும் சத்தம் கேட்டது.

வண்டிப்பாதைத் திருப்பத்தில் அக்காவைப் பிடித்தேன். கதவைத் திறந்துவிட்டேன். ஏறினாள். உட்காரவில்லை. முன்கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். பார்வை புகையை விட்டு இறங்கவில்லை. "ஓட்டுலே, ஓட்டுலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பாதைக் குழிகளில் அடித்தளம் இடித்தது. எஞ்சின் சீராக ஓடியது.

கேட்டுக்கு முன்னால் ஏற்கெனவே கூட்டம். பக்கத்து ஊர்ப் பெண்கள், வடக்குத் தெருப் பெண்கள், தலை அவிழ்ந்து, மூச்சிரைத்து. தங்கள் பிள்ளைகளைக் கண்டவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். காணாதவர்கள் கேட்டை உலுக்கினார்கள். கோடியில் இருந்த வெடிமருந்து அறை போயிருந்தது. அதில் இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. இருவரும் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவர்கள். எங்கள் தெருவிலிருந்து அந்த அறையில் அன்றைக்கு யாரும் இல்லை. அது வெறும் அதிர்ஷ்டம்.

அக்கா மகள் கூட்டத்துக்கு வெளியே, பாதையோரத்து வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள். கையெல்லாம் வெடியில் சேர்க்கும் வெள்ளிப் பவுடர். ஒரு கீறல்கூட இல்லை. நாங்கள் வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கார் நிற்பதற்கு முன்பே குதித்து, விழுந்து, எழுந்து போய் அவளைப் பிடித்தாள். முகத்தைத் தடவினாள், கையைத் தடவினாள், முதுகைத் திருப்பிப் பார்த்தாள்.

மகள் அசையாமல் நின்றாள். பிறகு அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள்.

"எல்லார் அம்மாவும் வந்துட்டாக" என்றாள். "வடக்குத் தெருவுலருந்து எல்லாரும் வந்துட்டாக. நம்ம தெருவுலருந்து ஒருத்தரும் வரல. நான் இங்கனயே நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். நீ ஏம்மா ஓடி வரல?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மகள் அதற்குப் பிறகுதான் அழுதாள், அம்மாவின் தோளில் விழுந்து, வாட்ச்மேன் பார்க்க, போர்மேன் பார்க்க, சத்தம் போட்டு.

காரில் ஏறச் சொன்னேன். இரண்டு பேரும் ஏறவில்லை. வயக்காட்டுப் பாதையில் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். அக்காவின் காலில் செருப்பு இல்லை. நான் பின்னாலேயே, அவர்கள் நடைக்குத் தக்கபடி, காலிக் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். எதிரே எங்கள் தெருப் பெண்கள் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வீடு வந்து சேரும்வரை எஞ்சின் ஒரு தடவைகூட வெடிக்கவில்லை.